போல்ட்டைக் கழற்றினால் திறக்கும் கார்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மெக் பிளாக் வாசலில் கிரீம் கலரில் ஒரு குட்டிக் கார் நின்றதே, பார்த்தீங்களா? பார்க்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பீர்கள். அன்று மதியம் நம்ம காலேஜில் பாதிப் பேருடைய ஸ்டேட்டஸில் அந்தக் கார்தான். சி.எஸ்.இ. பசங்க லேப்டாப்பை மூடிவிட்டு வந்தார்கள். மெஸ்ஸில் பிரியாணி போடுகிற நாள் என்பதையும் மறந்து ஒரு கூட்டம் அங்கேயே நின்றது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1960களின் வண்டி. நம்ம ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரின் நண்பர், வருடக்கணக்கில் உட்கார்ந்து ரெஸ்டோர் பண்ணியது. ஹப் கேப்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் பழைய ரெக்ஸினும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனை வந்ததும் எனக்குத் தொண்டை லேசாக அடைத்தது. பக்கத்தில் நின்ற ரூம்மேட் ஒருத்தன், "ச்சே... என்ன காலம்டா அது!" என்றான். அவன் பிறந்தது 2004இல்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. இந்தக் காரில் நாம் யாரும் போனதில்லை. எங்கள் வீட்டில் எந்தக் காரும் இருந்ததில்லை. தாத்தாவுக்கு சைக்கிள், அப்பாவுக்கு டி.வி.எஸ். 50, அவ்வளவுதான் எங்கள் குடும்பத்தின் வாகன வரலாறு. கார் என்றால் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாடகைக்குப் பிடிக்கிற அம்பாசிடர். அதிலும் ஒன்பது பேர் ஏறி, நான் யார் மடியிலாவது இருந்திருப்பேன். உங்களில் பல பேர் வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும். அப்படியிருக்க, நம்மிடம் இல்லாமலே போன ஒரு பொருளுக்காக நாம ஏன் ஏங்குறோம்? "பழைய நெனப்புடா பேராண்டி" என்று தாத்தா சொன்னால் நியாயம். பேராண்டியே சொன்னால்?

நாஸ்டால்ஜியா என்ற சொல்லை உருவாக்கியவர் ஒரு ஸ்டூடன்ட் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1688இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் அதை எழுதினார். வீடு திரும்புதலுக்கு ஒரு கிரேக்கச் சொல், வலிக்கு ஒரு கிரேக்கச் சொல், இரண்டையும் ஒட்டினார். ஊரை விட்டு வந்தவர்களுக்கு வரும் ஒரு நோய் என்றுதான் அவர் அதைச் சொன்னார். ஹாஸ்டலில் முதல் வாரம் இருந்தவர்களுக்கு அவர் சொன்னது நன்றாகவே புரியும். ஆனால் வீடே இல்லாத இடத்துக்குத் திரும்பத் துடிக்கிற நம்ம கேஸ் அவர் ஏட்டில் வராது.

என் பதிலைச் சொல்வதற்கு முன், அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். ஏனென்றால் அன்று காருக்கு முன்னால் நின்று போஸ் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அதை ஃபாரின் கார் என்றே நினைத்தார்கள். அது நம்ம ஊர்க் கார். அப்படியென்றால் நிஜமாகவே நம்ம ஊர். ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் காலேஜ் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிறோமே பெருங்களத்தூர், வண்டலூர், அந்தப் பக்கத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் தொழிற்சாலை இருந்தது. 1940களின் கடைசியில் தொடங்கிய கம்பெனி. அதே 1949இல்தான் சற்றுத் தள்ளி குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தொடங்கியது, முதலிலேயே ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் பாடம் வைத்தார்கள். ஒரே ரோட்டில் ஒரு பக்கம் காரைப் படிக்கிறார்கள், இன்னொரு பக்கம் காரைச் செய்கிறார்கள். இன்று அந்தப் பக்கம் ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும். இங்கே கார் செய்தார்கள் என்று சொல்ல ஒரு போர்டுகூட என் கண்ணில் பட்டதில்லை.

இந்தியாவில் அப்போது ஓடியது மூன்றே கம்பெனிகளின் கார்கள் என்று சொல்லிவிடலாம். வங்காளத்தில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. ஹெரால்டு 1961இல் இங்கே வந்தது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, 1959இல் அறிமுகமானது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கலோட்டி. அங்கே அதற்கு எப்போதும் இரண்டு கதவுதான். குடும்பத்தோடு ஏறி இறங்கும் நம்ம வழக்கத்துக்காக நாலு கதவு ஹெரால்டு ஒன்றை மெட்ராஸில் செய்தார்கள். உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. அன்று வந்து நின்றதும் நாலு கதவு வண்டிதான். அதாவது, வண்டலூர்க்காரன்.

சரி, இப்போது பானெட்டுக்கு வருவோம். அந்த சார் பானெட்டைத் திறந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு "ஓ..." வந்ததே, ஞாபகம் இருக்கா? பானெட் மட்டும் திறக்கவில்லை. இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த முகமும் முன்னால் கவிழ்ந்தது. முதலை வாயைத் திறந்த மாதிரி. உள்ளே எல்லாமே தெரிந்தது. 948 சிசி இன்ஜின், ரேடியேட்டர், ஸ்டியரிங் ராக், முன் சக்கர சஸ்பென்ஷன். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். நம்ம மூணாவது செமஸ்டர் புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்ததெல்லாம் சூடாக, எண்ணெய் வாசனையோடு அங்கே உட்கார்ந்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து நாலு ஒயர் நாலு பிளக்குக்குப் போவதை ஒரு முதல் வருடப் பெண் விரலாலேயே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்று அவள் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கார் ஏன் அப்படித் திறக்கிறது என்பதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே ஓடாக அடித்துக் கொடுக்க ஆளில்லை. அப்போது உலகமே சேஸிஸைக் கைவிட்டு, பாடியும் சட்டமும் ஒன்றேயான மோனோகாக் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இவர்களுக்கு வேறு வழியில்லை. பழைய மாதிரி தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, கொண்டுவந்து போல்ட் போட்டு இறுக்கினார்கள். மேற்கூரைகூடத் தனித் துண்டு. போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும்.

கவனிங்க. வேறு வழியில்லாமல் எடுத்த ஒரு முடிவு அது. ஆனால் அந்த முடிவால்தான் அறுபது வருடம் கழித்து ஒருத்தர் அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சரிசெய்து, திரும்ப மாட்ட முடிந்தது. ஒரு காரை மீட்டெடுக்க முடியுமா முடியாதா என்பது அது பிறக்கும்போதே, ஒரு டிராயிங் போர்டில் முடிவாகிவிடுகிறது.

எனக்குத் தொண்டை அடைத்ததன் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் காலம் போயிற்றே என்ற வருத்தமெல்லாம் எனக்கு இல்லை. ஒரு இயந்திரம் தன்னை முழுசாகத் திறந்து காட்டியது. "வா, பார்த்துக்கோ" என்றது. நாலு வருடமாக இன்ஜினியரிங் படித்தும் நமக்கு அப்படி ஒரு அழைப்பு அதிகம் கிடைத்ததில்லை. லேபில் கண்ணாடிக்குப் பின்னால் கட் மாடல். "தொடாதீர்கள்" போர்டு. ரீடிங் எடு, கிராஃப் போடு, ரெக்கார்டு நோட்டில் சீனியர் எழுதியதைப் பார்த்து எழுது. வைவாவில் ஃபோர் ஸ்ட்ரோக் பற்றிச் சொல்லத் தெரியும். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கையால் கழற்றியவர்கள் எத்தனை பேர், கையைத் தூக்குங்க பார்ப்போம்.

அதுக்காக அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வாட்ஸ்அப் மாமாக்கள் சொல்கிற மாதிரி "அப்பல்லாம் பொருள்னா பொருள்" என்று ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். காருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கே அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும். கார் வைத்திருந்தவர்கள் டாக்டர், வக்கீல், மில் முதலாளி. என் தாத்தாவுக்கு அந்தப் பொற்காலத்தில் கிடைத்தது சைக்கிள். இன்னொன்று, அந்த அழகான ஹெரால்டில் விபத்து நேர்ந்தால் உங்களைக் காப்பாற்ற ஏர்பேக் கிடையாது.

பின்பக்க சஸ்பென்ஷனையும் பாராட்ட முடியாது. குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங், இரண்டு பக்கமும் ஊஞ்சல் மாதிரி ஆடுகிற ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கிக்கொள்ளும். நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு அது பிடிக்கவே இல்லை. கம்பெனியும் புரிந்துகொண்டு, 1972இல் ஹெரால்டுக்குப் பதிலாக கெஸல் என்ற காரைக் கொண்டுவந்தபோது, அதே இன்ஜினை வைத்துக்கொண்டு பின் ஆக்ஸிலை மட்டும் சாதாரண லைவ் ஆக்ஸிலாக மாற்றியது. அதாவது, காரைத் திறந்து பார்க்க முடிந்த மெக்கானிக்குகள், காரின் தப்பையும் கண்டுபிடித்தார்கள்.

அந்த சாரிடம் நான் கொஞ்ச நேரம் பேசினேன். "பெயிண்ட்டைப் பாக்காதீங்க தம்பி, இடைவெளியைப் பாருங்க" என்றார். கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி. துண்டு துண்டாக போல்ட் போட்ட கார் என்பதால், ஒரு இடத்தில் கொஞ்சம் தள்ளினால் இன்னொரு இடத்தில் விரிந்துவிடும். சின்னச் சின்னத் தகடு வைத்து, கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி. நாலு கதவும் பானெட்டும் ஒரே சீராக உட்கார மட்டும் இரண்டு மாதம் ஆனதாம். அதைச் செய்தவர் புதுப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு டிங்கர். துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகட்டைச் சுத்தியும் டாலியும் வைத்துக் கையாலேயே வளைத்து, கேஸ் வெல்டிங் வைத்திருக்கிறார். தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே உள்ளே பட்டி எவ்வளவு கனம் என்று சொல்லிவிடுவாராம். நம்மிடம் அதற்கு மீட்டர் இருக்கிறது, காது இல்லை.

அந்த டிங்கர் அண்ணனின் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். டெலிவரி வண்டி ஓட்டுகிறானாம். பட்டறையில் வேலை கற்றுக்கொள்ள இப்போது ஆளில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவுக்கு அந்த வேலை எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தது என்பதை அவன் வீட்டிலிருந்தே பார்த்திருப்பான். கார் ஷோவில் பரிசு வாங்கும்போது மேடையில் உரிமையாளர் பெயரைச் சொல்கிறார்கள். கதவு இடைவெளியைச் சரிசெய்தவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ரெஸ்டோர் பண்ணுவது என்றால் துடைத்து பெயிண்ட் அடிப்பது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அந்தக் கால இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. ஈயம் வால்வு சீட்டில் மெல்லிய பூச்சாகப் படிந்து தேய்மானத்தைக் குறைக்கும். உடம்புக்கு அது விஷம், அதனால் 2000இல் நாடு முழுக்க நிறுத்தினார்கள். மிகச் சரியான முடிவு. ஆனால் பழைய இன்ஜினுக்குக் கெட்டியான உலோகத்தில் புது வால்வு சீட் வைக்க வேண்டியிருக்கிறது. அடுத்து 2023இல் இ20 வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் கெடுக்கும். ஆக அந்தக் காரில் இருக்கும் ரப்பர் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றியிருக்கிறார். 1960களின் காரை 2020களின் பெட்ரோலில் ஓட வைப்பது ஒரு முழு ஃபைனல் இயர் புராஜெக்ட். நாம் என்னடா என்றால் ஆன்லைனில் வாங்கிய அர்டுயினோ கிட்டில் லைன் ஃபாலோயர் செய்து முடித்துவிடுகிறோம். (சத்தியமாக யாரையும் குறிப்பிடவில்லை. என் பேட்ச்சைத் தவிர.)

இனி என் உண்மையான கவலைக்கு வருகிறேன். இன்று ரோட்டில் ஓடுகிற ஒரு காரை 2080இல் யாராவது ரெஸ்டோர் பண்ண முடியுமா?

யோசித்துப் பாருங்க. மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே செய்த ஈகோஸ்போர்ட் எத்தனை நம்ம காலேஜ் பார்க்கிங்கிலேயே நிற்கிறது! அதன் தகட்டை வளைத்துவிடலாம். பிஸ்டன் ரிங்கூட லேத் பட்டறையில் எப்படியாவது ஏற்பாடு பண்ணிவிடலாம். ஈ.சி.யூ. போனால்? சாவியில் இருக்கும் சிப்பும் வண்டியும் ஒன்றையொன்று அடையாளம் காணாவிட்டால்? கம்பெனி ஸ்கேனர் இல்லாமல் அந்த எரர் கோடை யார் அழிப்பது? பெட்ரோல் காருக்கே இப்படி. பேட்டரி செல்களைப் பசை போட்டு ஒட்டி, மூடி, "திறக்காதே" என்று முத்திரை வைத்த மின்சாரக் கார்களுக்கு என்ன கதி? டச் ஸ்கிரீனில் ஓடும் சாஃப்ட்வேருக்கு அப்டேட் நின்ற நாளன்று வண்டியே பாதி செத்துவிடும். இயந்திரம் நன்றாக இருக்கும், அனுமதி மட்டும் இருக்காது.

ரிப்பேர் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு போர்ட்டல் தொடங்கியது. நல்ல ஆரம்பம். ஆனால் எப்படித் திறப்பது என்ற புத்தகத்தைக் கொடுப்பது வேறு, திறக்கிற மாதிரி செய்வது வேறு. இரண்டாவதைச் செய்ய வேண்டியவர்கள் டிசைன் டேபிளில் இருப்பவர்கள். இன்னும் இரண்டு வருடத்தில் உங்களில் சிலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அந்த டேபிளில்தான் உட்காரப் போகிறீர்கள். போல்ட்டா, பசையா என்ற கேள்வி ஒரு நாள் உங்கள் ஸ்கிரீனில் வரும். பசைதான் விலை குறைவு, எடை குறைவு. மேனேஜரும் அதைத்தான் சொல்வார்.

ஸ்டாண்டர்டு கம்பெனியின் முடிவிலும் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் விட்டார்கள். பாடி இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. பார்க்க அவ்வளவு கம்பீரம். உள்ளே போட்டதோ பழைய வான்கார்டு காலத்து 2 லிட்டர் இன்ஜின். ராஜா வேஷத்துக்குள் பழைய ஹீரோ மூச்சு வாங்கிய கதைதான். மாருதி வந்துவிட்ட காலம் வேறு. 1988இல் உற்பத்தி நின்றது. பல வருடம் கழித்துத் தொழிற்சாலைச் சொத்தை ஏலம் விட்டபோது, அங்கே தேங்கிக் கிடந்த உதிரி பாகங்களை பிரிட்டனைச் சேர்ந்த ரோவர் பார்ட்ஸ் வியாபாரிகள் வாங்கிப் போனார்கள். அங்கே பழைய ரோவரை ரெஸ்டோர் பண்ணுகிறவர்களுக்கு நம்ம ஊரில் கிடந்த பார்ட்ஸ் போய்ச் சேர்ந்தது. நாம் கழிவு என்று பார்த்ததை, தேவை தெரிந்தவர்கள் பொக்கிஷம் என்று எடுத்துப் போனார்கள்.

இதையெல்லாம் இப்போது ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம்ம மெக் பிளாக்குக்குப் பின்னாலும் ஒன்று கிடக்கிறது. ஜெனரேட்டர் ரூமைத் தாண்டி, வேப்ப மரத்தடியில், டயர் தரையோடு தரையாகி. வெள்ளை அம்பாசிடர். ஒரு காலத்தில் பிரின்சிபால் போய் வந்த வண்டி என்கிறார்கள். இப்போது பூனை குட்டி போடுகிற இடம். பின் சீட்டில் யாரோ எழுதிய ஒரு காதல் தோல்வி வாசகமும் உண்டு. போன வாரம் ஸ்டோர்ஸ் வாசலில் ஒட்டிய கண்டம் பட்டியலில் பழைய மேசை, உடைந்த மானிட்டர், யு.பி.எஸ். பேட்டரி இவற்றோடு அதுவும் சேர்ந்திருக்கிறது. எடைக்கு எடை போட்டு விற்கப் போகிறார்கள். வருகிற பணம் நம்ம சிம்போசியத்தின் ஒரு நாள் சாப்பாட்டுக்குக் காணுமா என்பதே சந்தேகம்.

ஹெரால்டு முன்னால் நின்று "என்ன காலம்டா அது" என்று சொன்ன நாம, இந்த அம்பாசிடரைத் தாண்டித்தான் தினமும் கேன்டீனுக்குப் போகிறோம். பளபளப்பு வந்த பிறகு ஏங்குவது சுலபம். துருவாக இருக்கும்போது கையை வைக்கணும்.

அதைக் காப்பாற்றலாம் என்று ஏற்கெனவே சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு யோசனை, வெளியே பெயிண்ட் அடித்து, இன்ஜினை எடுத்துவிட்டு, மெயின் கேட் புல்வெளியில் மேடை போட்டு நிறுத்தி, லைட் போட்டு செல்ஃபி பாயின்ட் ஆக்குவது. தயவு செய்து வேண்டாம். அதைவிட எடைக்கே போட்டுவிடலாம், குறைந்தது இரும்பாவது உருகி வேறு பொருளாகும். உள்ளே ஒன்றுமில்லாத காரை வெளியே நிறுத்தினால் நம்ம டிபார்ட்மென்ட்டைப் பற்றிக் கிண்டல் செய்ய மற்ற பிராஞ்சுக்காரர்களுக்கு நாமே வாய்ப்புக் கொடுத்த மாதிரி.

என் யோசனை இது. அந்த வண்டியை ஒர்க் ஷாப்புக்குள் தள்ளிவிட வேண்டும். முதல் வருடம் கழற்றட்டும், கழற்றிய ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதி வைக்கட்டும். இரண்டாம் வருடம் பிரேக்கும் சஸ்பென்ஷனும். மூன்றாம் வருடம் இன்ஜின். ஒயரிங் முழுக்க ட்ரிபிள் ஈ பசங்களுக்கு. அந்த அம்பாசிடரின் ஒயரிங்கை எலி கடித்திருக்கிற விதத்தைப் பார்த்தால் அவர்களுக்கு ஒரு செமஸ்டர் போதாது. டிங்கரிங் வேலையைக் கற்றுக்கொடுக்க ஒரு அண்ணனை வாரம் ஒரு நாள் கூப்பிட வேண்டும். கெஸ்ட் லெக்சருக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற அதே மரியாதை, அதே சம்பளம், அதே பொன்னாடை. ரோட்டில் ஓட்டுவதற்கான ஆர்.டி.ஓ. சிக்கலுக்குள் போகவே வேண்டாம். கேம்பஸுக்குள் மெக் பிளாக்கிலிருந்து கேன்டீன் வரை சொந்தக் காலில் போய் வந்தால் போதும்.

"எதிர்காலமே இ.வி., இப்போ போய் பெட்ரோல் இன்ஜினை நோண்டணுமா?" என்று கேட்பீர்கள். எங்கள் கிளாஸிலேயே பாதிப் பேர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். இ.வி.யிலும் பிரேக் பிரேக்தான், ஸ்டியரிங் ஸ்டியரிங்தான், சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் கணக்கு மாறப் போவதில்லை. இன்ஜின் தேறவே தேறாது என்று தெரிந்தால், அதில் மோட்டாரும் பேட்டரியும் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஹெரால்டு மாதிரி அரிய காரில் அதைச் செய்தால் சண்டைக்கு வருவேன். அம்பாசிடர் 1958இலிருந்து 2014 வரை வந்துகொண்டே இருந்த கார், ஒன்றை மாற்றினால் வரலாறு அழியாது. என்ன மாற்றினாலும் ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த பேட்ச் கழற்றுகிற மாதிரி மாட்ட வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்பது இரண்டாவது கேள்வி. அம்பாசிடர் பார்ட்ஸ் இன்னும் கிடைக்கிறது, புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். முன்னாள் மாணவர்கள் சங்கத்திடம் கேட்கலாம். அந்த வண்டியைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறவர்கள் அங்கேதான் அதிகம் இருப்பார்கள். ஏக்கத்தைப் பணமாக்கினால் ஹோஃபர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கண்டம் பட்டியலில் ஆட்சேபணை இருந்தால் இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் எழுத்தில் கொடுக்கச் சொல்லி நோட்டீஸிலேயே போட்டிருக்கிறார்கள். கடிதம் எழுதியாகிவிட்டது. மெக் பிளாக் முதல் மாடி, ஹெச்.ஓ.டி. அறைக்கு வெளியே உள்ள மேசையில் இருக்கிறது. எல்லா பிராஞ்சும் கையெழுத்துப் போடலாம், சிவிலும் சேர்த்து. வரும்போது பேனா கொண்டு வாங்க. அங்கே நூல் கட்டி வைத்த பேனாவை முதல் நாளே யாரோ நூலோடு கொண்டுபோய்விட்டார்கள்.